கடன் அட்டையில் கூடுதலாகச் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறுவது எவ்வாறு?

கடன் அட்டைக்குரிய தொகையைக் குறைவாகச் செலுத்தினால் என்ன நேரும் என்பதை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அறிந்தே இருக்கின்றனர். தாமதக் கட்டணமும் வட்டியும் அடுத்த பட்டியலில் வந்து நிற்கும். ஆனால் செலுத்த வேண்டியதைவிடக் கூடுதலாகச் செலுத்திவிட்டால் அந்தப் பணம் எங்கே போகிறது, அதைத் திரும்பப் பெற உரிமை உண்டா, எத்தனை நாளில் கிடைக்கும் என்னும் வினாக்களுக்கு விடை தெரிந்தவர்கள் குறைவு. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், உடும்பன்சோலை, குமுளி பகுதிகளிலும் வாழும் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு இவ்வினாக்கள் கூடுதல் பொருத்தம் உடையவை. காரணத்தை முதலில் காண்போம்.

எல்லைப்புறத்தில் கூடுதல் தொகை சேரும் வழிகள்

எல்லையோரக் குடும்பங்களின் பண நடமாட்டம் இரண்டு மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. உடும்பன்சோலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் போடிநாயக்கனூரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பார். புற்றடியிலும் போடியிலும் நடைபெறும் ஏலக்காய் மின்னணு ஏலத்தின் வரவு ஒரு கணக்கில் சேரும், கடன் அட்டை மற்றொரு வங்கியுடையதாக இருக்கும். வாளையாரைத் தாண்டிக் கோயம்புத்தூருக்கு நாள்தோறும் பணிக்குச் செல்வோரின் ஊதியக் கணக்கு அங்கே, வீட்டுக் கணக்கு இங்கே. மூணாற்றில் இருக்கும் பெற்றோரின் அட்டைக்குத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் தன் கைப்பேசியிலிருந்து பணம் செலுத்துவதும் உண்டு. இத்தகைய சூழலில் கூடுதல் தொகை சேர்வதற்கு நான்கு வழிகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, இரட்டைச் செலுத்தல். கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதியை முன்பே பதிவு செய்துவிட்டு, கெடு நாளுக்கு முன்தினம் யுபிஐ வழியாகவும் செலுத்திவிடுவது. தானியங்கிப் பிடித்தத்திற்கான கட்டளை முன்கூட்டியே சென்றுவிட்டால் இரண்டு தொகைகளும் அட்டைக் கணக்கில் சேர்ந்துவிடும். குடும்பத்தில் இருவர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே பட்டியலுக்குப் பணம் செலுத்தும்போதும் இதுவே நிகழ்கிறது.

இரண்டாவது, எண்களைத் தவறாகத் தட்டுதல். 1,850 ரூபாய்க்குப் பதில் 18,500 ரூபாய் செலுத்தப்படுவது போன்றவை.

மூன்றாவது, விற்பனையாளர் திருப்பித் தரும் தொகை. பொருளை வாங்கி, பட்டியலையும் செலுத்திய பிறகு பொருள் திருப்பி அனுப்பப்பட்டால், அல்லது விடுதி அறை, பயணச் சீட்டு ஆகியவை ரத்து செய்யப்பட்டால், அத்தொகை அட்டைக் கணக்கிற்கே திரும்பும். 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தின்போது மூணாறு வெளியுலகத் தொடர்பை இழந்தது. நீலக்குறிஞ்சி மலர்வைக் காண வரவிருந்தோரின் பயணத் திட்டங்கள் குலைந்தன. சுற்றுலாவை நம்பிய பகுதிகளில் ரத்து என்பதும் பணம் திரும்புவதும் அடிக்கடி காணும் நிகழ்வுகளே.

நான்காவது, நிறைவேறாத பரிவர்த்தனை. அட்டையில் தொகை கழிக்கப்பட்டு, கடைக்காரருக்குச் சேராமல், சில நாட்கள் கழித்துத் திரும்ப வரவு வைக்கப்படுவது.

கணக்கேடு சொல்வது

மளிகைக் கடையின் பற்று நோட்டை நினைவில் கொண்டால் இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். நாம் பொருள் வாங்கும்போது பற்று எழுதப்படும். பணம் கொடுக்கும்போது வரவு எழுதப்படும். பற்று மிகுந்திருக்கும் வரை கடைக்காரருக்கு நாம் கடனாளி. ஒரு மாதம் வரவு மிகுந்துவிட்டால் கடைக்காரர் நமக்குக் கடனாளி ஆகிறார். கடன் அட்டைக் கணக்கும் இவ்வாறே. வழக்கமாக வாடிக்கையாளர் வங்கிக்குத் தர வேண்டியிருக்கும். கூடுதலாகச் செலுத்திய நிலையில் வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டியிருக்கும். அட்டைப் பட்டியலில் மொத்த நிலுவை என்னும் இடத்தில் கழித்தல் குறியுடன் அல்லது வரவு என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்துடன் ஒரு தொகை காணப்பட்டால், அது நாம் செலுத்த வேண்டிய தொகை அன்று. நமக்கு வர வேண்டிய தொகை. இக்குறியைக் கவனியாமல் அத்தொகையை மீண்டும் செலுத்திவிடுவோரும் உண்டு. அப்போது வரவு மேலும் பெருகுமே அன்றிக் கணக்கு நேராகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பட்டியல் தொகை 18,640 ரூபாய். கெடு நாள் ஐந்தாம் தேதி. நான்காம் தேதி யுபிஐ வழியாக 18,640 ரூபாய் செலுத்தப்படுகிறது. ஐந்தாம் தேதி தானியங்கிப் பிடித்தத்தில் மேலும் 18,640 ரூபாய் சேர்கிறது. பட்டியல் வெளியான பிறகு 3,200 ரூபாய்க்குப் புதிதாகப் பொருள் வாங்கப்பட்டிருந்தால், கணக்கில் எஞ்சும் வரவு 18,640இலிருந்து 3,200 கழிந்து 15,440 ரூபாய் ஆகும். ஆகவே திரும்பக் கோரும் முன்பு, புதிய செலவுகளைக் கழித்த பின் எவ்வளவு வரவு நிற்கிறது என்பதை வங்கிச் செயலியிலோ தொலைபேசிச் சேவையிலோ உறுதி செய்துகொள்வது முதற்படி.

ரிசர்வ் வங்கியின் விதிகள்

இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று கடன் அட்டைகள், டெபிட் அட்டைகள் குறித்த முதன்மை நெறிமுறைகளை வெளியிட்டது. அவை அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அட்டை வழங்கும் வங்கிகளுக்கு மட்டுமன்றி, அட்டை வழங்கும் வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் இவை பொருந்தும். கூடுதல் தொகை தொடர்பாக அவற்றில் மூன்று செய்திகள் முக்கியமானவை.

ஒன்று: கெடு நாளுக்கு முன்பு, வாடிக்கையாளர் இன்னும் பட்டியலைச் செலுத்தாத நிலையில், திருப்பித் தரப்பட்ட தொகையோ நிறைவேறாத பரிவர்த்தனையின் தொகையோ வரவானால், அது செலுத்த வேண்டிய தொகையில் உடனடியாகக் கழிக்கப்பட வேண்டும், வாடிக்கையாளருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும்.

இரண்டு: வாடிக்கையாளர் ஏற்கெனவே பணம் செலுத்திவிட்ட பரிவர்த்தனைக்கு அவ்வாறு தொகை திரும்பினால், அது கடன் வரம்பில் 1 விழுக்காடு அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டும்போது, அதை அட்டைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ள வாடிக்கையாளரின் வெளிப்படையான இசைவு தேவை. வரவு வந்த ஏழு நாட்களுக்குள் மின்னஞ்சல் அல்லது குறுஞ்செய்தி வழியாக இந்த இசைவு கேட்கப்பட வேண்டும். இசைவோ பதிலோ வராவிட்டால் தொகையை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிற்கு அனுப்பிவிட வேண்டும்.

மூன்று: தொகை எவ்வளவாயினும், அட்டைக் கணக்கில் நிற்கும் வரவைத் தம் வங்கிக் கணக்கிற்கு மாற்றித் தருமாறு வாடிக்கையாளர் கேட்டால், கோரிக்கை கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும்.

இரண்டாம் விதியின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். கடன் வரம்பு 40,000 ரூபாய் எனில் 1 விழுக்காடு 400 ரூபாய், அதுவே எல்லை. வரம்பு 2,00,000 ரூபாய் எனில் எல்லை 2,000 ரூபாய். வரம்பு 6,00,000 ரூபாய் எனில் 1 விழுக்காடு 6,000 ரூபாய் ஆகும். ஆனால் 5,000 ரூபாய் அதைவிடக் குறைவு என்பதால் எல்லை 5,000 ரூபாயில் நின்றுவிடும். 2,00,000 ரூபாய் வரம்புள்ள அட்டையில் 9,500 ரூபாய்க்குப் பதிவு செய்த விடுதி அறை, பட்டியலைச் செலுத்திய பின் ரத்தாகி, முழுத் தொகையும் திரும்பினால், அது எல்லையைத் தாண்டியது. அட்டை நிறுவனம் நம்மைக் கேட்டாக வேண்டும்.

இரண்டாம் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் இடையிலான வேறுபாட்டை வாடிக்கையாளர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இரண்டாம் விதி, விற்பனையாளர் திருப்பித் தந்தது, நிறைவேறாமல் மீண்டது போன்ற வரவுகளுக்கு உரியது. நாமே இருமுறை செலுத்தியதற்கும் தவறான எண்ணைத் தட்டியதற்கும் மூன்றாம் விதியே துணை. அங்கே பணம் தானாக வரும் என்று காத்திருக்கலாகாது. கேட்டுப் பெற வேண்டும்.

பிற நாடுகளிலும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில், 1 டாலருக்கு மேற்பட்ட கூடுதல் வரவை, எழுத்து மூலமான கோரிக்கை கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஆறு மாதங்களுக்கு மேல் அது கணக்கில் கிடந்தால், கேட்காவிட்டாலும் வாடிக்கையாளரைத் தேடிக் கொடுக்க முயல வேண்டும். கேட்ட பின் கொடுப்பதற்கு நம் நாட்டு விதி வகுத்துள்ள கால அளவு அதைவிடக் குறுகியது.

விண்ணப்பிக்கும் முறை

அட்டை வழங்கிய வங்கியின் செயலி, தொலைபேசிச் சேவை, மின்னஞ்சல், கிளை ஆகியவற்றுள் எந்த வழியில் கேட்டாலும் கோரிக்கை எண் ஒன்றைப் பெற்றுக் குறித்துக்கொள்ள வேண்டும். நாட்களை எண்ணுவதற்கு அதுவே சான்று. அட்டையும் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் வேலை எளிது. வேறு வங்கிக் கணக்கிற்குப் பணம் செல்ல வேண்டுமாயின், கணக்கு தம்முடையதுதான் என்பதற்கு ரத்து செய்த காசோலைத் தாளோ, பெயருடன் கூடிய கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகலோ கேட்கப்படும்.

இதைச் சிலர் தொல்லையாகக் கருதுகின்றனர். ஆனால் அட்டையில் வேண்டுமென்றே பெருந்தொகையைச் செலுத்தி, வேறொரு கணக்கில் திரும்பப் பெறுவது கறுப்புப் பணத்தை வெளுக்கும் வழிகளுள் ஒன்று. ஆதலால் அட்டைதாரரின் சொந்தக் கணக்கிற்கே தொகை செல்லும். பணம் செலுத்திய மகனின் கணக்கிற்கோ நண்பரின் கணக்கிற்கோ செல்லாது. பிள்ளைகள் அட்டைக்குப் பணம் செலுத்தும் குடும்பங்கள் இதை முன்னரே அறிந்திருப்பது நல்லது.

கடிதம் எழுத விரும்புவோர்க்கு ஒரு மாதிரி:

"ஐயா / அம்மையீர், எனது கடன் அட்டையின் இறுதி நான்கு எண்கள் ______. இவ்வட்டைக்கு ______ தேதியில் ______ ரூபாயும், ______ தேதியில் ______ ரூபாயும் செலுத்தப்பட்டுள்ளன. அவற்றின் பரிவர்த்தனைக் குறிப்பு எண்கள் ______, ______. இதனால் அட்டைக் கணக்கில் ______ ரூபாய் வரவாக நிற்கிறது. இத்தொகையை என் பெயரில் ______ வங்கியின் ______ கிளையில் உள்ள ______ எண் கொண்ட சேமிப்புக் கணக்கிற்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு ______. கோரிக்கை பதிவு செய்யப்பட்ட எண்ணையும் தேதியையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இக்கடிதத்தில் அட்டையின் முழு எண்ணோ, பின்புறத்து மூன்று இலக்க எண்ணோ, ரகசியக் குறியீடோ எழுதத் தேவையில்லை. எழுதவும் கூடாது.

பணம் தம் அட்டைக்கு அன்றி வேறொருவர் அட்டைக்குச் சென்றுவிட்டால் அது கூடுதல் தொகை ஆகாது. அத்தகைய நேரத்தில் பணம் புறப்பட்ட வங்கியிடமே உடனடியாகப் புகார் செய்ய வேண்டும்.

வேலை நாட்களை எண்ணுவது

மூன்று வேலை நாட்கள் என்பதை மூன்று நாட்கள் என்று கொள்ளலாகாது. ஞாயிற்றுக்கிழமைகளும், மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் வங்கி விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளியன்று கோரிக்கை பதிவானால் திங்கள், செவ்வாய், புதன் ஆகியவையே மூன்று வேலை நாட்கள். மேலும் ஓணத்திற்குக் கேரளத்திலும், பொங்கலுக்குத் தமிழ்நாட்டிலும் விடுமுறைகள் வேறுபடும் என்பதை எல்லைப்புற வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். பாலக்காட்டில் வங்கி திறந்திருக்கும் நாளில், அட்டைப் பிரிவு இயங்கும் நகரில் விடுமுறையாக இருக்கக்கூடும். ஒரு நாள் முன்பின்னாவதை இவ்வகையில் புரிந்துகொள்ளலாம். வாரக்கணக்கில் தாமதமாவதை ஏற்க வேண்டியதில்லை.

பணத்தை அட்டையிலேயே விட்டுவைக்கலாமா?

தொகை சிறியதாக இருந்து, அடுத்த சில நாட்களில் அதே அட்டையால் செலவு செய்யப்போகிறோம் எனில் விட்டுவைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. புதிய செலவு அதில் கழிந்துவிடும். பெருந்தொகையாயின் திரும்பப் பெறுவதே நன்று என்போம். காரணங்கள் வருமாறு.

அட்டையில் நிற்கும் வரவுக்குப் பொதுவாக வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்கில் நாள்தோறும் இருக்கும் இருப்பைக் கொண்டு வட்டி கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மேலே கண்ட 15,440 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் ஏறத்தாழ 231 ரூபாய் கிடைக்கும்.

அட்டையோ அதன் விவரமோ களவு போனால், கடன் வரம்போடு இந்த வரவும் திருடனின் கைக்கு எட்டும் தொகையாகிவிடக்கூடும்.

நம் பணம்தானே என்று ஏடிஎம்மில் அட்டையைச் செருகி எடுத்தால், அது கடன் அட்டை வழி ரொக்கம் எடுத்ததாகக் கொள்ளப்பட்டுக் கட்டணம் விதிக்கப்படுவதுண்டு. கூடுதலாகச் செலுத்துவதால் மட்டும் கடன் மதிப்பெண் உயர்வதும் இல்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, அப்பணத்திற்கு வேறு வேலை இருக்கிறது. இருமுறை சென்றுவிட்ட தொகை ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணமாகவோ, தோட்டத்து உரச் செலவாகவோ இருக்கலாம். கணக்கில் பாதுகாப்பாக இருக்கிறது என்பது உண்மையே. வேண்டிய நேரத்தில் கையில் இல்லை என்பதும் உண்மையே.

அட்டையை மூடும்போது

கடன் அட்டையை மூடுமாறு வாடிக்கையாளர் கேட்டால், நிலுவை ஏதுமில்லாத நிலையில், ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், நிலுவை இல்லாத கணக்கிற்கு, மூடும் வரை ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் அட்டை நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். மூடும் கணக்கில் வரவு நின்றால் அது வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிற்கு மாற்றப்பட வேண்டும். கணக்கு விவரம் இல்லையெனில் அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பும் அட்டை நிறுவனத்திற்கு உண்டு.

ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டையை, முன்னறிவிப்புத் தந்து, 30 நாட்களில் பதில் இல்லையெனில் நிறுவனமே மூடலாம். மலைப்பகுதியில் வேலை மாறி, வீடு மாறி, கைப்பேசி எண்ணும் மாறியவர்களுக்கு அந்த அறிவிப்பு எட்டாமலே போகக்கூடும். பழைய அட்டை ஒன்றில் எஞ்சிய தொகை இவ்வாறே மறக்கப்படுகிறது. கைப்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அட்டை நிறுவனத்திடம் புதுப்பித்து வைப்பதே இதற்குரிய காப்பு. அட்டைதாரர் மறைந்துவிட்டாலும் அக்கணக்கில் நிற்கும் வரவு அவர்தம் வாரிசுகளுக்கு உரியதே. நிலுவை உண்டா என்று பார்க்கும்போதே வரவு உண்டா என்றும் கேட்பது நலம்.

திரும்பப் பெறும் ஆவலைப் பயன்படுத்தும் மோசடி

"உங்கள் அட்டையில் கூடுதல் பணம் நிற்கிறது, திருப்பி அனுப்புகிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று பேசும் குரல் தமிழிலும் வரும், மலையாளத்திலும் வரும். பணம் பெறுவதற்கு ஒருமுறைக் கடவு எண்ணோ, யுபிஐ ரகசிய எண்ணோ, கியூஆர் குறியீட்டை வருடுவதோ தேவையே இல்லை. அவை பணம் கொடுப்பதற்கு உரியவை. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காமல், அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்ட எண்ணையே அழைக்க வேண்டும்.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால், அட்டையை முடக்கச் சொல்லி வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 நாளிட்ட சுற்றறிக்கையின்படி, கடவு எண்ணைத் தாமே பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரையே சாரும்; தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

கேட்டும் பணம் வராவிட்டால்

முதலில் அட்டை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குக் கோரிக்கை எண்ணுடன் எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் எல்லைப்புற மக்களுக்கு ஒரு பெரும் வசதியைத் தந்துள்ளது. கேரளத்தில் வாழ்பவர், தமிழ்நாட்டுக் கிளையில் பெற்ற அட்டைக்கு எந்த மாநில அலுவலகத்தில் புகார் தருவது என்று குழம்ப வேண்டியதில்லை. நாடு முழுமைக்கும் ஒரே முறை. இணையத்தில் புகார் மேலாண்மைத் தளம் வழியாகவோ, சண்டிகரில் உள்ள மையத்திற்கு அஞ்சல் வழியாகவோ அனுப்பலாம். கட்டணம் இல்லை. 14448 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் வழிகாட்டுதல் பெறலாம்.

இனி ஒவ்வொரு மாதமும் செய்யத்தக்கவை மூன்று. தானியங்கிப் பிடித்தம் பதிவு செய்திருந்தால் கையால் செலுத்தாதிருத்தல். கையால் செலுத்தவே விருப்பமெனில் பிடித்தத்தை நீக்கிவிடுதல். பட்டியல் வந்ததும் கழித்தல் குறி உள்ளதா என்று பார்த்தல். ரத்து செய்த எதற்கும் பணம் திரும்பியதா என்று அடுத்த பட்டியலில் தேடுதல். கடன் அட்டையில் நாம் தர வேண்டியதை வங்கி ஒருநாளும் மறப்பதில்லை. நமக்கு வர வேண்டியதை நாமும் மறவாதிருப்போம். ஐயமிருப்பின் அட்டைப் பட்டியலுடன் அருகிலுள்ள கிளைக்கு வருக. கணக்கைப் பார்த்துச் சொல்வது எங்கள் கடமை.